ஹவுள் கரையில் ஓர் ஊசித்தட்டான்



கண்ணைப் பேணுவது பற்றிச் சொல்லுங்கள் என்றால், நம்மவர்கள் உடனே பார்வையைத் தாழ்த்துவதைப் பற்றித்தான் பேசுவார்கள். மிம்பரில் நின்று நானும் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்கு இடப்பட்ட இன்னொரு கட்டளை இருக்கிறதே, அதை நினைவூட்டுவது யார்? ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டாமா எனத் திருமறையின் 88-வது அத்தியாயம் கேட்கிறது. 67-வது அத்தியாயமோ, ஒருமுறை பார்த்தது போதாது, பார்வையை மீண்டும் மீண்டும் செலுத்து என்கிறது. இரவு உறங்குமுன் அந்த முல்க் சூராவை ஓதும் பழக்கமுள்ள வீடுகள் நம் சமுதாயத்தில் நிறைய உண்டு. ஓதி முடித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடுகிறோம்!

சென்ற தை மாதம் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்கு நிக்காஹ் ஒன்றுக்காகப் போயிருந்தேன். வியாழன் இரவே போய்ச் சேர்ந்துவிட்டேன். மறுநாள் சுபுஹுக்கு எழுந்து பள்ளிவாசலுக்குப் போனால், ஹவுள் கரையில் ஒரே சத்தம். இருட்டில் யாரோ ஒருவன் கரையோரம் குப்புறப் படுத்திருக்கிறான். ஒளுச் செய்ய வந்த ராவுத்தர் ஒருவர் அவன் காலில் இடறிவிட்டார். “இது பள்ளிவாசலா, போட்டோக் கடையா?” என்று அவர் கேட்க, அந்தத் தம்பி கையில் காமிராவுடன் எழுந்து சட்டையில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டு, “மன்னிச்சிடுங்க மாமு” என்று ஒதுங்கிக்கொண்டான். தொழுகை முடிந்து விசாரித்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை. ஃப்யூஸ் கட்டைகளும் மின்கம்பத்துப் பீங்கான்களும் செய்யும் பட்டறை. விடியற்காலையில் தட்டான், எட்டுக்கால் பூச்சி, தண்ணீரில் ஓடும் பூச்சி இவற்றைப் படம் எடுப்பதுதான் அவனுடைய பைத்தியம்.

அன்று ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தார் என்னிடம் இரண்டு மஸ்அலாக்களை வைத்தார்கள். ஹவுளில் புழு நெளிகிறது. அந்தத் தண்ணீரில் ஒளுக் கூடுமா? பிளீச்சிங் பவுடர் கொட்டிச் சுத்தம் செய்யலாமா, அல்லது ஹவுளையே தூர்த்துவிட்டுக் குழாய் வைத்துவிடலாமா? இது ஒன்று. உயிருள்ளவற்றைப் பள்ளிவாசல் வளாகத்துக்குள் படம் பிடிப்பது ஆகுமா? இது இரண்டு. மூன்றாவது ஒரு கேள்வி அஸருக்குப் பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் வந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான். முதல் இரண்டையும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அது அந்தக் காலத்து ஹவுள். நம் ஹனபி மத்ஹபில் சொல்லப்படும் பத்துக்குப் பத்து முழத்துக்கும் கூடுதலாகவே இருக்கும். ஒரு மூலையில் யாரோ எப்போதோ போட்ட அல்லிக் கிழங்கு வளர்ந்து இலை பரப்பியிருக்கிறது. மஸ்அலாவைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. ஓடும் இரத்தம் இல்லாத கொசு, ஈ, தேள் போன்றவை தண்ணீரில் விழுந்து இறந்தாலும் தண்ணீர் அசுத்தமாவதில்லை. தண்ணீரிலேயே வாழும் உயிர்களும் அப்படியே. ஹிதாயா ஓதிய எந்த ஆலிமும் இதைச் சொல்வார். எனவே ஒளுக் கூடும்.

ஆனால் பிளீச்சிங் பவுடர் கொட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் யார் தெரியுமா? காலையில் இடறி விழப்போன அதே ராவுத்தர்தான். கோபத்தால் அல்ல. அவருடைய பேரப்பிள்ளை டெங்கு காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அந்தப் பத்து நாளும் இந்த ஹவுள் படியில் உட்கார்ந்து அழுதவர் அவர். “புழுன்னா கொசுதானே ஹஜ்ரத்” என்று அவர் கேட்டபோது, மஸ்அலாவைச் சொல்லி அவர் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கேதான் அந்தத் தம்பியின் படங்கள் உதவின. காலை எட்டு மணிக்கே அவன் ஹவுளிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, தன் ஊர்ப் பட்டறையில் செய்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் ஊற்றித் திண்ணையில் வைத்திருந்தான். வெள்ளை அடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கொசுப்புழு தலைகீழாகத் தொங்கி, வால் பக்கத்துக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு விடும். தொட்டால் நெளிந்துகொண்டு கீழே போகும். இன்னொரு புழு அப்படி இல்லை. ஆறு காலால் அடியில் ஊர்கிறது. வால் முனையில் மூன்று இலைகள் விரித்து வைத்தாற்போல் இருக்கின்றன. அந்த மூன்று இலைகளும் அதன் செவுள்கள். இதுதான் ஊசித்தட்டானின் குஞ்சு. தட்டான் பறக்கும் காலம் சில வாரம்தான். அதற்கு முந்திய வாழ்க்கை முழுதும் தண்ணீருக்குள்தான். குஞ்சின் கீழுதடு மடக்கிவைத்த கைபோல முகத்தை மூடியிருக்கும். இரை பக்கத்தில் வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கை நீண்டு பற்றி உள்ளே இழுத்துவிடும். அதை அவன் பெரிதாக எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினான். பெரியவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

கிண்ணத்தில் குஞ்சு ஒன்று, கொசுப்புழு பத்து. ஜும்ஆப் பாங்கு சொல்லும்போது எண்ணினோம். கொசுப்புழு நான்குதான் மிச்சம். ராவுத்தர் தாமே குனிந்து இரண்டுமுறை எண்ணினார்.

பிளீச்சிங் பவுடர் கொட்டினால் இரண்டும் சாகும். பிறகு முதலில் திரும்புவது யார்? கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூண்டுப்புழுவாகிப் பறக்க வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும். தட்டானுக்கோ பல வாரம், சில வகைகளுக்கு மாதக்கணக்கு. காவல்காரனையும் கள்வனையும் ஒன்றாக ஊரைவிட்டுத் துரத்தினால், ஒரு வாரத்தில் கள்வன்தான் திரும்புவான். அதற்காகத் தட்டான் இருந்தால் கொசுவே இராது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். டெங்கு பரப்பும் கொசு, மனிதன் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரை விரும்புவது. மூடாத சிமெண்டுத் தொட்டி, பூந்தொட்டியின் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, இவையெல்லாம் அதன் தொட்டில்கள். பள்ளிவாசலின் பின்பக்கம் நாங்கள் போய்ப் பார்த்தபோது, மையித்துக் குளிப்பாட்டும் இடத்தில் கவிழ்த்து வைக்காத இரண்டு வாளிகளில் கொசுப்புழு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டான் குஞ்சு ஒன்றுகூட அங்கே இல்லை. வாளிகளை வாரத்துக்கு ஒருமுறை காயவைத்துக் கவிழ்ப்பது, மேல்தொட்டிக்கு வலை கட்டுவது, ஹவுள் நீரை ஒரேயடியாக இறைக்காமல் பாதி பாதியாக மாற்றுவது என்று முத்தவல்லி முடிவு செய்தார். ராவுத்தர் தலையசைத்தார். முழுமனதாக அசைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளை அவர் மடியில் இருந்தது.

இனி இரண்டாவது மஸ்அலா. படம் பிடிப்பது.

உருவம் படைப்பவர்களிடம் மறுமையில், நீ உண்டாக்கியதற்கு உயிர் கொடு எனச் சொல்லப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் உண்டு. அது கையால் வரைவதற்கும் செதுக்குவதற்கும் மட்டுமா, காமிராவுக்கும் உண்டா என்பதில் உலமாப் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. எகிப்து நாட்டு முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே ஒளிப்படம், புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதல்ல என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார். நம் நாட்டு உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. தேவைக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். இந்தப் பத்திரிகையின் இரண்டு பக்கத்தில் நான் தீர்த்துவைக்கிற விஷயம் அல்ல இது. உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குள் தொழுபவருக்கு இடைஞ்சலாகக் காமிரா கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் வேண்டாம். காலில் இடறி ஒரு முதியவர் விழுந்திருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அதை அந்தத் தம்பியிடம் கண்டிப்பாகவே சொன்னேன். (மறுத்துப் பேசிய பெரியவர் ஒருவர் வீட்டு நடுக்கூடத்தில் அவர் இஹ்ராம் உடையில் நிற்கும் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அன்று பகல் சாப்பாடு அங்கேதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

காமிரா என்ற கருவியின் மூலத்திலும் நம் முன்னோர் ஒருவரின் பெயர் உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கவில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளி வந்து விழுவதை வைத்துச் சோதித்தார். அவருடைய கிதாபுல் மனாழிர் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவுக்குப் பாடமானது. நாமோ அவர் பெயரை மறந்தோம்.

சிறு உயிரைப் பெரிதாகப் படம் பிடிப்பது மற்றப் படங்களைப் போலன்று. தம்பியிடம் இருப்பது விலையுயர்ந்த சாமான் எதுவும் இல்லை. கைமாறி வந்த காமிரா, அதில் பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத் திருப்பி மாட்டும் வளையம், பளிச்சொளி விளக்கின்மேல் ஒட்டிய டிரேஸிங் தாள். பூச்சியின் உண்மை அளவுக்கே படம் விழும்படி கிட்டே போனால், லென்ஸின் துவாரத்தைப் பதினாறு வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் இரண்டு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் வால் மங்கும். வால் தெளிந்தால் கண் மங்கும். ஊசித்தட்டானின் உடல் முழுதும் தெளிய வேண்டுமானால், அதன் உடம்புக்கு நேர் இணையாகக் காமிராவைப் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டால் அசையும். நிழல் விழுந்தால் பறந்துவிடும். ஆகவே வெயில் ஏறுமுன், பனியில் நனைந்து இறக்கை கனத்து அது அசையாமல் இருக்கும் நேரமே நல்ல நேரம். அதாவது சுபுஹு நேரம்! அந்த நேரத்தின் பரக்கத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். அதில் விழித்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் நெஞ்சு குறுகுகிறது.

அவன் காட்டிய படங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மஞ்சள் நிற ஊசித்தட்டான் ஒன்று அல்லி இலையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறது. நம் சோழமண்டலக் கரையின் பெயரையே இதற்கு 1798-ல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாப்ரிஷியஸ் வைத்தார்; விஞ்ஞானப் பெயரின் பிற்பாதி இன்றும் ‘கோரமண்டலியானம்’தான். நீளம் மூன்றரைச் சென்டிமீட்டர் இருக்கும். பெரிய தட்டான் இறக்கையை விரித்தபடி அமரும். இது முதுகின்மேல் கூப்பி வைத்துக்கொண்டு அமரும். பெரிய தட்டானின் கண்கள் தலையுச்சியில் ஒட்டிக்கொள்ளும். இதன் கண்கள் சுத்தியலின் இரு முனைபோல விலகி நிற்கும். ஒவ்வொரு கண்ணும் ஆயிரக்கணக்கான சிறு கண்களின் கூட்டம். இறக்கையின் நரம்புகள் சிறு சிறு கட்டங்களாகப் பின்னி, நுனிக்கருகே ஒரே ஒரு கட்டம் மட்டும் நிறம் ஊட்டப்பட்டுக் கனமாக இருக்கிறது. அந்தக் கனம் பறக்கும்போது இறக்கை நடுங்காமல் காக்கிறதாம். முந்தாநாள் வரை கால்தூசிக்கும் சமமாக நான் எண்ணாத உயிர்! ஸுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

இந்த நாட்டில் மட்டும் தட்டான் இனங்கள் ஏறத்தாழ ஐந்நூறு. ஃபிரேஸர் என்ற இராணுவ மருத்துவர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக இவற்றை எழுதிவைத்தார். அக்காலத்தில் பிடித்துக் கொன்று ஊசியில் குத்தி வைத்துத்தான் ஆராய்வார்கள். இன்று படத்தைக் கொண்டே பலவற்றை அடையாளம் காண முடிகிறது, எல்லாவற்றையும் அல்ல. ஒரு வகைத் தட்டான் மழைக்காலக் காற்றோடு நம் கரையைத் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போகிறது என்று 2009-ல் ஓர் ஆய்வாளர் எழுதினார். நம் மரைக்காயர்களின் பாய்மரக் கப்பல்கள் நம்பிய அதே பருவக்காற்றுதான்.

இங்கே நான் கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் கலையில் ஈடுபட்ட சிலர், பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்கிறார்கள். சிலர் பசையால் ஒட்டுகிறார்கள். செத்ததைக் கம்பியில் நிறுத்திவைத்து உயிருள்ளதுபோல் எடுக்கிறார்கள். பிறகு ‘இயற்கையில் எடுத்தது’ என்று எழுதிப் பாராட்டு வாங்குகிறார்கள். இதில் இரண்டு குற்றம். உயிருள்ளதை இலக்காக வைத்து எய்வதைத் தடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். குருவி ஒன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்க்குருவி தவித்துச் சுற்றுவதைக் கண்டு, அதன் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எறும்புப் புற்றுக்குத் தீ வைத்ததைக் கண்டு கடிந்தார்கள். இவை அபூதாவூதில் உள்ளவை. எறும்புக்கே அப்படியானால் தட்டானுக்கு வேறு சட்டமா? இரண்டாவது குற்றம், பொய். எடையில் மோசடி செய்தால் ஹராம் என்போம். படத்தில் மோசடி செய்தால் மட்டும் கலை என்போமா?

நமக்கும் இதில் பங்குண்டு. சிறுவயதில் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி, கல்லைத் தூக்கவைத்து விளையாடாதவர் நம்மில் யார்? மதரஸா விட்டதும் நான் செய்திருக்கிறேன். கல் கனமானால் வால் அறுந்துவிடும். அறுந்ததை எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடிப்போம். ஐம்பது வருடம் கழித்து அந்தப் படத்தில் அந்த வாலைப் பெரிதாகப் பார்த்தேன். பத்துக் கணுக்கள், கணுவுக்குக் கணு நிறம். பேச்சு வரவில்லை.

அஸருக்குப் பிறகு, நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணைக்கு அந்தத் தம்பி வந்தான். முதலில் வேறொன்று கேட்டான்.

“ஹஜ்ரத், பட்டறையில் என் வேலை சூளையிலிருந்து வரும் பீங்கானைத் தட்டிப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் மாறிவிடும். விரிசல் உள்ளதைக் கழித்துவிடுவோம். முல்க் சூராவில் விரிசல் ஏதும் தெரிகிறதா பார் என்று வருவதாகப் படித்தேன். அதனால்தான் இந்தப் பூச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் இறக்கை கிழிந்த தட்டானையும் பார்க்கிறேன். தோலுரித்து வெளியே வரும்போது காற்றடித்து இறக்கை சுருண்டே போய்ப் பறக்காமல் விழுவதையும் பார்க்கிறேன். மார்புக்கடியில் சிவப்பு மணிமணியாக உண்ணி ஒட்டி இரத்தம் குடிப்பதையும் எடுத்திருக்கிறேன். அதெல்லாம் விரிசல் இல்லையா?”

வாசகர்களே, இருபத்தைந்து வருடமாக அந்த ஆயத்தை வைத்துப் பயான் செய்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ‘புதூர்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பிளவு, விரிசல் என்றே பொருள். பீங்கான் தட்டுகிறவனுக்குப் புரிந்தது, எனக்கு வெறும் ‘குறை’ என்று மொழிபெயர்ப்பில்தான் புரிந்திருந்தது. உடனே விடை சொல்ல முடியாமல் சற்று நேரம் இருந்தேன். பிறகு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: ஆயத்து வானங்களின் படைப்பையும் அதன் அமைப்பையும் பற்றிப் பேசுகிறது, எதுவும் தேயாது, எதுவும் சாகாது என்று அது சொல்லவில்லை. பறக்காமல் விழுந்த தட்டானை யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டேன். “எறும்பு” என்றான். பூமியில் ஊரும் எந்த உயிரின் ரிஸ்கும் அல்லாஹ்வின் பொறுப்பிலேயே இருப்பதாக ஹூது சூரா சொல்கிறதே, அந்த எறும்பின் ரிஸ்கு அது. உன் கிண்ணத்தில் காணாமற்போன ஆறு கொசுப்புழுக்களும் அப்படியே என்றேன். அவன் தலையசைத்தான். “அந்தத் தட்டானுக்கு?” என்று மட்டும் மெல்லக் கேட்டான். அல்லாஹு அஃலம் என்றேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது கேள்வி வந்தது.

மார்கழியில் ஒருநாள் சுபுஹு பாங்குக்கு முன்பே அவன் ஹவுள் கரைக்கு வந்திருக்கிறான். அல்லித் தண்டைப் பிடித்து ஒரு குஞ்சு நீரைவிட்டு ஏறி நின்றது. இரண்டு மாதமாக அவன் காத்திருந்த காட்சி அது. மார்புத் தோல் பிளக்கிறது, வெளுத்த தலை வெளியே வருகிறது, கால்கள் வருகின்றன, பின்னோக்கிச் சாய்ந்து, பிறகு எழும்பித் தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு வாலை உருவி எடுக்கிறது. கசங்கிய துணிபோல இருந்த இறக்கைகளில் நீர் ஏறி மெல்ல மெல்ல விரிகின்றன. நிறம் இன்னும் வரவில்லை, கண்ணாடிபோல் இருக்கிறது. பாங்கு சொன்னது காதில் விழுந்தது. இதோ முடிந்துவிடும் என்று நினைத்தான். இகாமத்தும் கேட்டது. விரல் காமிராவிலேயே இருந்தது. தலையை நிமிர்த்தியபோது ஜமாஅத்து சலாம் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாக ஒளுச் செய்து, சூரியன் எழுமுன் ஹவுள் படியிலேயே தனியாகத் தொழுதான்.

“தொழுகை கூடியதா ஹஜ்ரத்?”

“நேரத்துக்குள் தொழுதாய்; கூடியது.”

“ஜமாஅத்தின் நன்மை?”

தனியாகத் தொழுவதைவிட இருபத்தேழு மடங்கு உயர்ந்தது என்று ஹதீஸில் வந்திருப்பது அவனுக்கே தெரியும். காரணமின்றி விட்டவனுக்கு அது இல்லை என்று சொன்னேன். படம் பிடிப்பது காரணமா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காமிராவின் சிறு திரையில் அந்தப் படத்தைக் காட்டினான். அவன் எடுத்தவற்றில் ஆகச் சிறந்தது அதுவே. விடியலின் நீல ஒளி. தண்டில் காலியான தோல். அதன்மேல் இன்னும் உலகத்தின் நிறம் படாத ஓர் உயிர். “இதை யாரிடமும் காட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம் இகாமத்து கேட்கிறது. அழித்துவிடட்டுமா?” என்றான்.

எனக்கு ஸுலைமான் நபி (அலை) அவர்களின் நினைவு வந்தது. எறும்பின் பேச்சைக் கேட்டுப் புன்னகைத்து, அதற்காக நன்றி செலுத்தியவர்கள் அவர்கள். சிற்றுயிரின் பக்கம் காதைத் திருப்பியதற்கு அவர்களைவிட வேறு முன்மாதிரி யார்? அதே ஸுலைமான் நபியின் வரலாற்றில்தான் குதிரைகளின் சம்பவமும் ஸாது சூராவில் வருகிறது. மாலையில் அழகிய குதிரைகள் முன்னே கொண்டுவரப்பட்டன. அவற்றின்மேல் கொண்ட விருப்பத்தில் லயித்திருக்க, பொழுது மறைந்துவிட்டது. அஸர்த் தொழுகை தவறிவிட்டது என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. குதிரைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் தடவினார்கள் என்று வருகிற இடத்தில்தான் இரண்டு விளக்கம். தன்னை மறக்கடித்ததை வைத்திருக்க வேண்டாம் என வாளால் அறுத்துத் தியாகம் செய்தார்கள் என்பர் ஒரு சாரார். இல்லை, அன்போடு கையால் தடவிக்கொடுத்தார்கள். குதிரை என்ன பாவம் செய்தது என்பர் மற்றொரு சாரார்.

இரண்டையும் அவனுக்குச் சொன்னேன். எதை எடுத்துக்கொள்வது என்று என்னைப் பார்த்தான். படத்தில் குற்றமில்லை, அந்தத் தட்டானிடத்திலும் குற்றமில்லை என்பது மட்டும் எனக்குத் திண்ணமாகத் தெரிந்தது. மீதி அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. மஃரிபுப் பாங்கு கேட்டது. இருவரும் எழுந்து போனோம். காமிராப் பை திண்ணையிலேயே கிடந்தது.

மாசியில் மறுபடியும் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தது. சுபுஹுக்கு அங்கே நின்றேன். ஹவுள் தூர்க்கப்படவில்லை. வாளிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ராவுத்தர் அல்லி மூலைக்குப் போகாமல் மறுகரையில் ஒளுச் செய்தார். அங்கே கிழக்கே பார்த்து நாலைந்து ஊசித்தட்டான்கள் பனியில் உறங்கிக்கொண்டிருந்தன. தம்பி முதல் ஸஃப்பில் நின்றான். தொழுகை முடிந்ததும் மோதினார் தம் அறையைத் திறந்து ஒரு பையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். “பாங்கு சொல்லப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட கொடுத்திடுவான் ஹஜ்ரத். சலாம் கொடுத்தப்புறம் நான் திருப்பிக் கொடுத்திடணும். ஒருநாள் மறந்து பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டேன், அன்னிக்கு முழுக்க என்னோட பேசல” என்றார். தம்பி அதற்குள் கரையில் குப்புறப் படுத்துவிட்டிருந்தான், இம்முறை யார் காலிலும் இடறாத பக்கமாக.